சீருடையும் சின்னங்களும்: வேலூர்க் கோட்டை தரும் பாடம்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. குடிமகனைப் பொறுத்தவரையில் ஆடை பாதியாயின், போர்வீரனைப் பொறுத்தவரையில் அது பாதிக்கும் மேற்பட்டது என்றே கூறல் வேண்டும். அவன் தலையில் அணிவது, மார்பிற் பூட்டுவது, முகத்தை மழிப்பது, மேலதிகாரியைக் கண்டவிடத்துக் கையை உயர்த்துவது ஆகிய யாவும் விதிகளால் வரையறுக்கப்பட்டவை. மினுக்கிய சப்பாத்திலும் துலக்கிய பொத்தானிலும் போரின் வெற்றி தங்கியுள்ளதோ என்று நகையாடுவோர் உளர். ஆனால் படைகளை நடத்தியோர் எக்காலத்தும் அவ்வாறு எண்ணினாரல்லர். சிறியதொரு விதிக்கு நாள்தோறும் பணிந்து பழகியவனே பேராபத்து வேளையிற் கட்டளைக்குப் பணிவான் என்பது அவர்கள் கொள்கை. ஒரே உடை அணிந்தோர் தம்முள் ஏற்றத்தாழ்வு மறப்பர். அவ்வுடைக்கு இழுக்கு நேராவண்ணம் நடக்க முயல்வர். இவை மறுத்தற்கரிய உண்மைகள்.

எனினும் இவ்வதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சீருடை ஒருவனிடம் எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது என்னும் வினா, வரலாற்றிற் பல தடவை எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு மிகக் கொடிய விலை கொடுத்து விடை கண்ட இடங்களுள் ஒன்று தமிழகத்து வேலூர்க் கோட்டை. அங்கு 1806 ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்களத்திற் சின்னம் அணியும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. ஆநிரை கவரச் செல்வோர் வெட்சி சூடினர். படையெடுத்துச் செல்வோர் வஞ்சி சூடினர். மதிலை வளைப்போர் உழிஞையும், களத்திற் பொருவோர் தும்பையும், வென்றோர் வாகையும் சூடினர். சேரர்க்குப் போந்தையும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் உரியனவாயின. இம்மலர்கள் இன்ன பக்கத்தவன், இன்ன செயலுக்குப் புறப்பட்டவன் என வீரனை அடையாளங் காட்டின. ஈண்டு நாம் கருதவேண்டிய ஒன்றுண்டு. இச்சின்னங்கள் யாவும் வீரன்மேற் சூட்டப்பட்டவை. அவனிடம் முன்னிருந்த ஒன்றைக் களைந்து பெறப்பட்டவையல்ல.

ஐரோப்பாவில் 17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் நிலையான படைகள் எழுந்தபோது சீருடை வேறொரு தன்மை பெற்றது. துப்பாக்கி ஏந்திய வீரர் வரிசையாக நின்று ஒரே கணத்திற் சுடவேண்டியிருந்தமையால், அசைவில் ஒற்றுமையும் தோற்றத்தில் ஒற்றுமையும் ஒருங்கே வற்புறுத்தப்பட்டன. மயிரும் விதிக்குள் அடங்கியது. ஆங்கிலேய வீரன் 1808 ஆம் ஆண்டு வரை தன் தலைமயிரைப் பின்புறம் சடையாகக் கட்டவேண்டியவனாயிருந்தான். இவ்வழக்கங்களையெல்லாம் இயற்கை நியதிகள் போலக் கருதிய அதிகாரிகளே இந்தியாவிலும் படை திரட்டினர்.

கிழக்கிந்தியக் கம்பனியார் 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்நாட்டு மக்களைச் சிப்பாய்களாகச் சேர்த்து ஐரோப்பிய முறையிற் பயிற்றினர். வங்காளத்தில் 1757 இல் கிளைவ் அமைத்த பட்டாளம், அதன் சிவப்பு அங்கி காரணமாக "லால் பல்டன்" எனப் பெயர் பெற்றது. சென்னைப் படையின் சிப்பாயும் சிவப்பு அங்கியே அணிந்தான். ஆனால் தலையில் அவனது நாட்டுக்குரிய பாகை இருந்தது. நெற்றியில் திருநீறோ நாமமோ இருந்தது. காதிற் கடுக்கன் இருந்தது. முஸ்லிம் சிப்பாயின் முகத்திற் தாடி இருந்தது. அங்கி கம்பனிக்குரியது, முகம் தனக்குரியது என்பது எழுதப்படாத ஓர் உடன்படிக்கை போல விளங்கியது. இந்த அங்கியை அணிந்துகொண்டே அவன் கம்பனிக்காக மைசூர்ப் போர்களிற் பொருதான். 1799 இல் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோதும் உடன் நின்றான்.

வேலூர்க் கோட்டை ஈழத்து வாசகர்க்கு அறிமுகமான பெயரே. கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 இல் அங்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832 இல் இறக்கும் வரை சிறையிருந்த இடம் அது. விசயநகரக் காலத்தில் எழுந்த அக்கோட்டை அகன்ற அகழியாற் சூழப்பட்டது. சலகண்டேசுவரர் ஆலயத்தைத் தன்னகத்தே கொண்டது. கண்டி மன்னனுக்கு முன்னர் அங்கு வைக்கப்பட்டிருந்தோர் திப்பு சுல்தானின் புதல்வரும் குடும்பத்தினருமாவர். 1806 இல் அவர்கள் கோட்டையின் அரண்மனையில் இருந்தனர். அவர்களைச் சூழக் கம்பனியின் சிப்பாய்கள் சுமார் 1500 பேரும், 69 ஆம் றெஜிமென்றைச் சேர்ந்த ஐரோப்பிய வீரர் சில நூற்றுவரும் தங்கியிருந்தனர்.

அக்காலத்திற் சென்னையின் தேசாதிபதியாக விளங்கியவர் வில்லியம் பெண்டிங் பிரபு. பிரதம சேனாதிபதியாக இருந்தவர் சேர் ஜோன் கிரடொக். படையின் தோற்றம் பட்டாளத்துக்குப் பட்டாளம் வேறுபட்டிருத்தலைக் கண்ட கிரடொக், விதிகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்த விரும்பினார். நோக்கம் குறைகூறத் தக்கதன்று. 1805 நவம்பரிற் புதிய தலைப்பாகை ஒன்று கட்டளையிடப்பட்டது. 1806 மார்ச்சில் அரசாங்கத்தின் அங்கீகாரத்துடன் விதித்தொகுப்பு வெளிவந்தது. அதன் பத்தாம் பிரிவு, சீருடை அணிந்த வேளையிற் சிப்பாய் முகத்திற் சாதிச் சின்னம் தரித்தலாகாது, காதணி அணிதலாகாது, அணிவகுப்பிலும் கடமையிலும் மோவாயை மழித்திருத்தல் வேண்டும், மீசையும் இயன்றவரை ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும் என விதித்தது.

எழுதியவர் கண்ணுக்கு இவை சில வரிகள். அணிவகுப்பில் நிற்கும் வரிசையை அழகுபடுத்தும் ஏற்பாடுகள். அவற்றைச் சிப்பாயின் கண்கொண்டு நோக்குவோம். புதிய தலைப்பாகை பாகை போலன்றித் தொப்பி போலத் தோன்றியது. அதன் முகப்பிற் தோலினாற் செய்த அணி ஒன்று இருந்தது. அத்தோல் பசுவினதாயின் இந்துவுக்கு ஆகாது. பன்றியினதாயின் முஸ்லிமுக்கு ஆகாது. தொப்பி அணிந்தோர் நாட்டவர் பேச்சிற் "தொப்பிக்காரர்", அஃதாவது ஐரோப்பியரும் அவர்தம் சமயத்தைத் தழுவியோரும் ஆவர். துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றுதற்கெனச் சிப்பாயின் மார்பில் தொங்கவிடப்பட்ட சிறு கருவியும் சிலுவையாகக் கருதப்பட்டது. நெற்றிக்குறியை அழி, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி, தொப்பி அணி என்னும் நான்கையும் ஒருங்கு கூட்டி நோக்கியவன், தன்னை மதம் மாற்ற முயல்கின்றனர் என்ற முடிவுக்கு வந்ததில் வியப்பென்ன? கடைத்தெருவில் ஏளனம் பிறந்தது. இனிச் சொந்த வீட்டாரும் உறவினரும் தம்மோடு உண்ணார், பெண் கொடார் என்னும் அச்சம் பரவியது.

தலையணி பற்றிய எண்ண வேறுபாடும் ஈண்டுக் கருதத்தக்கது. ஐரோப்பியனுக்குத் தொப்பி மரியாதையின் பொருட்டுக் கழற்றப்படும் பொருள். படைவீரன் கையை நெற்றிக்கு உயர்த்திச் செய்யும் வணக்கமுங்கூடத் தொப்பியைக் கழற்றும் வழக்கத்தின் சுருக்கம் என்பர். இந்திய மரபிலோ சபையிற் பாகையோடு தோன்றுதலே மரியாதை. பாகை வீழ்தல் மானம் வீழ்தலுக்கு ஒப்பாகும். ஒருவர்க்கு வெறும் தலையணியாயிருந்தது மற்றவர்க்கு மானமாயிருந்தது. இவ்விரண்டு உலகங்களுக்குமிடையே மொழிபெயர்ப்பார் எவருமின்றி விதி எழுதப்பட்டது.

1806 மே மாதத் தொடக்கத்தில் வேலூரில் இருந்த 4 ஆம் றெஜிமென்றின் இரண்டாம் பட்டாளத்தார் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். அது கலகமன்று, முறையீடு. ஆனால் அதனை முறையீடாகக் கேட்பாரில்லை. இருபத்தொருவர் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டு இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். ஓர் இந்து, ஒரு முஸ்லிம் ஆகிய இருவர் கசையடி பெற்று வேலையினின்று நீக்கப்பட்டனர். எஞ்சிய பத்தொன்பதின்மர் வருத்தந் தெரிவித்து மன்னிப்புப் பெற்றனர். தலைப்பாகையிற் சமய விரோதம் யாதுமில்லை என்று சாட்சி பகர்ந்தோரும் இருந்தமையால் அதிகாரிகள் மனநிறைவு எய்தினர். அமைதி திரும்பிவிட்டது எனவும் எண்ணினர்.

அமைதி திரும்பவில்லை, மௌனமே நிலவியது. யூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், சதி நடைபெறுகின்றது எனத் தன் மேலதிகாரியிடம் கூறினான். அதனை ஆராயும் பொறுப்பு அப்பட்டாளத்தின் சுதேச அதிகாரிகளிடமே விடப்பட்டது. அவர்கள் அவனை நம்பத்தகாதவன் எனத் தள்ள, அவன் காவலில் வைக்கப்பட்டான். இதற்கிடையில் கிரடொக்குக்கும் ஐயம் பிறந்து, அரசாங்கத்தின் ஆலோசனையை நாடினார். பின்வாங்கினாற் கட்டுப்பாடு குலையும் என்பது சபையின் கருத்து. ஆயினும் சமயத்திற் தலையிடும் எண்ணம் அரசுக்கு இல்லை என அறிவிக்கும் கட்டளை ஒன்று யூலை முதல் வாரத்தில் வரையப்பட்டது. எல்லாம் அமைதியாக இருக்கின்றமையால் அது தேவையில்லை எனக் கருதப்பட்டு, வெளியிடப்படாது விடப்பட்டது. சில நாட்களுள் அத்தாளின் பெறுமதி இரத்தத்தாற் கணக்கிடப்பட்டது.

யூலை 9 ஆம் நாள் அரண்மனையிற் திப்புவின் மகளொருத்தியின் திருமணக் கொண்டாட்டம். 10 ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி கேணல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். உறக்கத்திலிருந்த ஐரோப்பிய வீரர் சுடப்பட்டனர்; வைத்தியசாலையிற் கிடந்த நோயாளரும் தப்பவில்லை. அதிகாரிகள் பதினால்வரும் 69 ஆம் றெஜிமென்றின் வீரர் நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. ஆயினும் கோட்டையைக் கைப்பற்றியோர் அதனைக் காக்கும் ஏற்பாட்டை மறந்து, சூறையாடலில் இறங்கினர். செய்தி ஆர்க்காட்டுக்கு எட்டியதும் கேணல் கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, கயிற்றின் துணையால் மதிலேறி, எஞ்சியிருந்த ஐரோப்பியருக்குத் தலைமை தாங்கினார். பீரங்கிகள் வந்ததும் வாயில் உடைக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்தது பழிவாங்கலே. அரண்மனைக்குள் ஒதுங்கிய சிப்பாய்கள் சுமார் நூற்றுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அன்று கோட்டையில் மாண்ட சிப்பாய்கள் 350 பேர் வரையில் என்பர். இத்தொகையை இன்னும் மிகுத்துக் கூறுவோரும் உளர். விசாரணையின் பின்னர்ச் சிலர் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், சிலர் சுடப்பட்டனர், சிலர் தூக்கிலிடப்பட்டனர். இருபக்கத்துக் கொடுமையையும் வரலாற்று மாணவன் மறைத்தலாகாது.

கலகம் அடங்கிய சில நாட்களுள் தலைப்பாகைக் கட்டளை மீட்டுக்கொள்ளப்பட்டது. கட்டுப்பாடு குலையும் என்று முன்னர் மறுக்கப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்ட பின்னர் வழங்கப்பட்டது. திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டனர். கலகஞ் செய்த பட்டாளங்களின் பெயர்கள் படையினின்று நீக்கப்பட்டன. 1807 இல் பெண்டிங்கும் கிரடொக்கும் பதவியினின்று திருப்பி அழைக்கப்பட்டனர். முஸ்தபா பேக்குக்குப் பரிசு கிடைத்தது.

கலகத்தின் காரணம் உடை விதிதானா, அன்றித் திப்புவின் மைந்தரது சூழ்ச்சியா என்பதில் அன்று தொட்டே கருத்து வேறுபாடு உண்டு. விசாரணைக் குழு இரண்டையும் காரணமாகக் கூறியது. மைசூர்க் கொடி ஏறியமை அரசியல் நோக்கத்தைக் காட்டுகின்றது என்பது உண்மையே. அன்னிய ஆட்சியின்மீது கொண்ட வெறுப்பும், அதிகாரிகளின் இறுமாப்பும் உடன் நின்றன. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திப்புவின் குடும்பம் ஏழாண்டுகளாக வேலூரிலேயே இருந்தது. அந்த ஏழாண்டுகளிற் பற்றாத தீ 1806 இற் பற்றியது ஏன்? திப்புவை எதிர்த்துப் போரிட்ட படையே திப்புவின் கொடியை ஏற்றியது ஏன்? நெற்றிக்குறியையும் கடுக்கனையும் தொட்டு இந்துவையும், தாடியைத் தொட்டு முஸ்லிமையும், தோலாற் செய்த அணியைத் தொட்டு இருவரையும் அவ்விதி ஒரே வேளையிற் புண்படுத்தியது. எந்தச் சூழ்ச்சிக்காரனாலும் எளிதிற் சாதிக்க முடியாத ஒற்றுமையை அதிகாரிகளின் பேனா ஒரு பக்கத்திற் சாதித்துவிட்டது. சூழ்ச்சி விறகாயின், விதியே நெருப்பு.

இவ்வாறு முடியவேண்டிய நியதி எதுவும் இல்லை என்பதற்கும் அவ்வாண்டே சான்று உண்டு. ஐதராபாத்திலிருந்த கம்பனிப் படையிலும் அதே கொந்தளிப்பு எழுந்தது. ஆனால் அங்குத் தளபதியாக இருந்த கேணல் மொன்ற்றேசர் மேலிடத்து அனுமதியை எதிர்பாராது, தம் பொறுப்பிலேயே அவ்விதிகளை நிறுத்திவைத்தார். அங்கு இரத்தம் சிந்தவில்லை; கட்டுப்பாடும் குலையவில்லை.

மற்றுமொரு செய்தி நுணுகி நோக்கத்தக்கது. அணிவகுப்பின்போது நெற்றிக்குறியின்றி வருதல் சில பட்டாளங்களில் முன்னரே வழக்கிலிருந்தது என்று கிரடொக்கின் உதவியாளர் எடுத்துரைத்தனர். வழக்கத்தைத்தானே எழுத்தில் வடித்தோம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்திலேயே அவர்களது தவறு பொதிந்துள்ளது. ஒருவன் தன் அதிகாரியிடம் கொண்ட மதிப்பினால் தானாகக் களைந்து வைக்கும் சின்னம் வேறு; களையாவிடிற் தண்டனை என்று அச்சிட்ட தாள் அவனிடமிருந்து பறிக்கும் சின்னம் வேறு. முன்னையது மரியாதை, பின்னையது அவமதிப்பு. அப்பத்தாம் பிரிவு தமது கவனத்துக்குத் தனியே கொண்டுவரப்படவில்லை என்று பெண்டிங் பிற்காலத்தில் வாதிட்டார். பிறர் முகத்தையும் தலையையும் பற்றிய விதியை வாசியாது ஒப்பமிடுதல் எத்தகைய ஆபத்து என்பதற்கு அவ்வாதமே சாட்சி.

பெண்டிங் பாடம் கற்றவரே எனலாம். 1828 இல் மகாதேசாதிபதியாகத் திரும்பி வந்த அவர், 1829 இல் உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்யுமுன், அதனாற் சிப்பாய்களிடையே கொந்தளிப்பு எழுமோ என்று படை அதிகாரிகள் பலரிடம் இரகசியமாக வினவி அறிந்தார். ஓர் உயிரைக் காத்தற்கான சீர்திருத்தத்துக்குத் துணிந்தார். ஆனால் கேளாது துணிந்தாரல்லர். கம்பனியின் ஏனைய அதிகாரிகளோ மறந்தனர். 1857 இல் கொழுப்புப் பூசிய தோட்டாக்களை ஏற்க மறுத்த மீரத்துக் குதிரைப்படையினர் எண்பத்தைவர், மே 9 ஆம் நாள் படைகள் முன்னிலையிற் சீருடை களையப்பட்டு விலங்கிடப்பட்டனர். மறுநாள் பெருங்கலகம் வெடித்தது. மறுப்பு, கேளாமை, தண்டனை, தீ என்னும் வேலூரின் வரிசையே ஐம்பத்தோராண்டுகளின் பின் மீண்டும் நிகழ்ந்தது.

படைவிதிகள் மாற்றமுடியாதவை என்பாரும் பின்வரலாற்றை நோக்குதல் வேண்டும். சிப்பாயின் முகமயிரை மழிக்கச் சொன்ன பிரித்தானியப் படையே பிற்காலத்தில் மேலுதட்டை மழிக்கலாகாது எனத் தன் வீரர்க்கு விதித்து, 1916 இல், உலகப்போரின் நடுவே, அதனையும் கைவிட்டது. 1849 இன் பின் அப்படையிற் சேர்ந்த சீக்கியர் மழியாத முடியோடும் தலைப்பாகையோடுமே போர்க்களம் புகுந்தனர். அத்தோற்றமே அவர்தம் சீருடையாயிற்று. அமெரிக்காவில் விமானப்படை அதிகாரியான யூதர் ஒருவர் சீருடையோடு தம் சமயத்துக்குரிய சிறு தொப்பியை அணிய உரிமை கோரியபோது, உயர் நீதிமன்றம் 1986 இல் 5 க்கு 4 என்ற பெரும்பான்மையால் மறுத்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டுச் சட்டசபை ஒழுங்கான சமய உடைக்கு இடமளித்துச் சட்டம் இயற்றியது. ஆகவே வேலூரில் எழுந்த வினா பழங்கதையன்று.

இதனாற் சீருடையே வேண்டாம் என்பது பெறப்படுமோ? அன்று. பொதுக் கடமைக்கு உண்மையில் இன்றியமையாதவற்றை வீரனிடம் கேட்க அதிகாரம் உண்டு. துப்பாக்கியைத் துலக்குக, அங்கியைச் சீராக அணிக, அதிகாரிக்கு வணக்கஞ் செலுத்துக என்றபோது வேலூரிற் கலகம் எழவில்லை. அவ்வளவையும் அச்சிப்பாய்கள் பல்லாண்டுகள் செய்தே வந்தனர். நெற்றிக்குறியோடு நின்றவன் குறி தவறிச் சுட்டானல்லன். கடுக்கன் அணிந்தவன் கோட்டையேறப் பின்வாங்கினானல்லன். கடமைக்குத் தடையாகாத ஒன்றைக் கண்ணுக்கு அழகில்லை என்பதற்காகக் களையச் சொன்னபோதே விதி தன் எல்லையைக் கடந்தது. ஏன் என்று வினவியவனுக்குக் காரணங் கூறாது கசையடி கொடுத்தபோது, அவ்விதி தன் மதிப்பையும் இழந்தது.

பாடசாலையும் ஒருவகையிற் சீருடை அணிந்த சிறு சமுதாயமே. மாணவன் எழுந்து நிற்பதும், நேரந் தவறாது வருவதும், தூய உடை அணிவதும் அவன் பிற்கால வாழ்வுக்கு உரமிடுவன. அவற்றை அவன் சுமையாகக் கருதலாகாது. அதேவேளை விதி வகுக்கும் ஆசிரியராகிய நமக்கும் வேலூர் ஒரு பாடம் வைத்துள்ளது. கட்டளையிடுமுன் அது யாருடைய உடலையும் மானத்தையும் தொடுகின்றது என்று ஆராய்தல் வேண்டும். முறையீட்டைக் கலகமெனக் கொள்ளாது செவிமடுத்தல் வேண்டும். தவறான விதியை உரிய காலத்தில் மீட்டுக்கொள்வது அதிகாரத்துக்கு இழுக்கன்று. மொன்ற்றேசர் மீட்டதனால் ஒரு படை காப்பாற்றப்பட்டது. சென்னைச் சபையார் தயங்கியதனால் ஒரு கோட்டை இரத்தத்தில் தோய்ந்தது. ஈற்றில் அவர்களும் அதே விதியை மீட்கவே நேர்ந்தது.